11 மாத ஒப்பந்தமும் ஓயாத வீடு மாற்றமும்

நங்கநல்லூரில் நாங்கள் இருந்த வீட்டின் சமையலறைக் கதவு நிலையில் மூன்று பென்சில் கோடுகள் இருந்தன. பிறந்தநாள் அன்று மகளை நிலையோடு ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் ஸ்கேல் வைத்து, என் மனைவி போட்ட கோடுகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. காலி செய்த அன்று வீட்டுக்காரர் அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஆணி அடித்த ஓட்டைகளோடு அவற்றையும் பெயிண்டிங் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அடுத்த வீட்டிலிருந்து கோடுகளை பீரோ கதவின் உட்பக்கத்தில் போடுகிறோம். பீரோ எங்களோடு வந்துவிடும்.

கல்யாணமாகி 16 வருடம். இப்போது இருப்பது ஏழாவது வீடு. சராசரியாக ஒரு வீட்டில் இரண்டேகால் வருடம். சென்னையில் வாடகைக்கு இருக்கும் நண்பர்களிடம் சொன்னால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் 100 குடும்பங்களுக்கு சுமார் 27 குடும்பங்கள் வாடகை வீட்டில் இருந்தன. சென்னையில் அந்தப் பங்கு இன்னும் அதிகம். இத்தனை பேர் ஏன் மூட்டை கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்? வீடு மாறுவது ஏன் இவ்வளவு அலுப்பாக இருக்கிறது? சாமான் தூக்குகிற அலுப்பு இரண்டு நாளில் போய்விடும். எப்போது கிளம்பச் சொல்வார்கள் என்று தெரியாமலே ஒரு வீட்டில் வாழ்வதுதான் உள்ளே இறங்கி அரிக்கிறது என்பது என் அனுபவம். அதற்கு ஒரு காகிதம் காரணம். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

வாடகை ஒப்பந்தம் ஏன் 12 மாதத்துக்கு இல்லாமல் 11 மாதத்துக்குப் போடப்படுகிறது? 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு என்றால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு நாள். ஒரு மாதத்தைக் குறைத்து எழுதிவிட்டால் இந்த வேலையெல்லாம் மிச்சம். ஒரு குடும்பம் ஓரிடத்தில் எவ்வளவு காலம் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று யோசித்து யாரும் இந்த 11-ஐ வைக்கவில்லை. பதிவுச் செலவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த எண், நம் வாழ்க்கையின் தவணையாகிவிட்டது.

இதோடு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சென்னைக்கு வந்த வாடகைக் கட்டுப்பாடு, பின்னாளில் 1960-ஆம் ஆண்டுச் சட்டமாக நிலைபெற்றது. கண்டபடி வாடகை ஏற்றுவதையும் நினைத்தபோது வெளியேற்றுவதையும் தடுத்த சட்டம் அது. வாடகைக்காரருக்கு அது பெரிய கவசம். ஆனால் வழக்கு என்று போனால் வருடக்கணக்கில் இழுக்கும். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் ஒரே வீட்டில் இரண்டு தலைமுறையாக, அந்தக் காலத்து வாடகையிலேயே இருந்தவர்கள் உண்டு. வீட்டுக்காரர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுதான்: யாரையும் ரொம்ப நாள் விடாதே. “12 வருஷம் இருந்தா வீடு அவங்களுக்கே சொந்தமாயிடும்” என்று இன்றும் படித்தவர்களே சொல்கிறார்கள். அது தவறு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் சொல்லும் 12 ஆண்டு, உரிமையாளரை எதிர்த்து, அவர் அனுமதி இல்லாமல் அனுபவிப்பவருக்கானது. வாடகைக்காரர் அனுமதியோடு வந்தவர். மாதாமாதம் வாடகை கொடுப்பதே வீடு தன்னுடையது இல்லை என்று ஒப்புக்கொள்வதுதான். முறையாக எழுதிய ஒப்பந்தம் உண்மையில் வீட்டுக்காரருக்குத்தான் பாதுகாப்பு.

1960 சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் புதுச் சட்டம் வந்திருக்கிறது. நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சட்டம். எத்தனை மாதத்துக்குப் போட்டாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது இது. அப்படியானால் 11 மாதம் என்று எழுத இருந்த காரணமே போய்விட்டது. பழக்கம் மட்டும் போகவில்லை. ஸ்டாம்ப் பேப்பர் விற்பவரிடம் போய் நின்றால், பெயர்களையும் தொகையையும் மட்டும் மாற்றிப் பழைய படிவத்தையே அடித்துத் தருகிறார். அதில் 11 மாதம் ஏற்கெனவே இருக்கிறது.

ஜெர்மனியில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் வாடகை வீட்டில்தான் வாழ்கின்றன. அங்கே ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி இல்லாமலிருப்பதே வழக்கம். தக்க காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. காரணம் இருந்தாலும் மூன்று மாத அவகாசம் தர வேண்டும். 5 ஆண்டு இருந்தவருக்கு அது 6 மாதம். 8 ஆண்டு இருந்தவருக்கு 9 மாதம். பழகப் பழகக் காலூன்றலாம் என்பது அங்கே கணக்கு. இங்கே நேர்மாறு. மூன்றாவது வருடம் தொடங்கும்போதே வீட்டுக்காரர் முகத்தில் ஒரு யோசனை ஓடும்.

சரி, கிளம்பச் சொல்லும்போது என்ன காரணம் சொல்வார்கள்? “பையனுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம்.” “ஊர்ல இருந்து தம்பி ஃபேமிலி வர்றாங்க.” சில நேரம் உண்மை. சில நேரம் அடுத்த ஆளிடம் 4,000 ரூபாய் கூட வாங்குவதற்கான மரியாதையான சொல். மேற்கு மாம்பலம், நங்கநல்லூர், ஆதம்பாக்கம் மாதிரி பழைய பகுதிகளில் இன்னொரு காரணமும் பெருகிவிட்டது: தனி வீட்டை புரொமோட்டரிடம் கொடுத்து, இடித்து ஃப்ளாட் கட்டுவது. வீட்டுக்காரருக்கு அங்கே இரண்டு ஃப்ளாட் கிடைக்கும். மாடிப் போர்ஷனில் குறைந்த வாடகைக்கு இருந்த குடும்பம் மேடவாக்கத்துக்கோ கூடுவாஞ்சேரிக்கோ போகும். அப்படிப் போனவர்கள் பழைய தெருவுக்குத் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

நாமாகவே கிளம்புவதும் உண்டு. எங்கள் ஏழு வீட்டில் இரண்டைத் தண்ணீருக்காக விட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் வேளச்சேரி வீட்டின் கிரவுண்ட் ஃப்ளோரில் இடுப்பளவு தண்ணீர். மெத்தை, ஃபிரிட்ஜ், மகளின் முதல் வருட போட்டோ ஆல்பம் எல்லாம் போயிற்று. 2019 கோடையில் நிலைமை தலைகீழ். நகரத்துக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, போர்வெல் காற்றை இழுத்தது. லாரித் தண்ணீருக்குப் பெயர் பதிந்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம். அதற்குப் பிறகு வீடு பார்க்கப் போனால் நான் முதலில் கேட்பது வாடகையை அல்ல. “2015-ல எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு? 2019-ல போர்ல தண்ணி இருந்துச்சா?” அந்த இரண்டு கேள்விக்கும் வீட்டுக்காரர் பதில் சொல்வதற்குள் எதிர்வீட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொள்வேன்.

வீடு தேடுவதுதான் இதில் மிகவும் புண்படுத்தும் கட்டம். நாம் வீட்டைப் பார்க்கப் போகிறோம். அங்கே அவர்கள் நம்மைப் பார்க்கிறார்கள். எத்தனை பேர், எங்கே வேலை, சைவமா அசைவமா, சொந்த ஊர் எது. சொந்த ஊரைச் சொன்ன பிறகும் கண் நம்மை விட்டு நகராவிட்டால் அடுத்து வரும்: “நீங்க என்ன ஆளுங்க?” ஜாதியை இப்படித்தான் கேட்கிறார்கள். என் நண்பர் ஒருவர் முஸ்லிம். போனில் பெயரைச் சொன்னதும் “இப்பத்தான் அட்வான்ஸ் வாங்கிட்டோம்” என்ற பதில் வந்த வீட்டின் டூ-லெட் போர்டு மூன்று வாரம் கழித்தும் அதே கேட்டில் தொங்கியதைப் பார்த்தார். தனியாக வாழும் பெண்கள், திருமணமாகாத பையன்கள், தலித்துகள், வயதானவர்கள் என்று எல்லோருக்கும் இந்த அனுபவம் உண்டு. வயதான தம்பதிக்கு வீடு தரத் தயங்குவதற்கு அவர்கள் வெளியே சொல்லாத காரணம், வீட்டில் சாவு விழுந்துவிடுமோ என்பது. இப்படிக் கதவு சாத்தப்படுகிறவர்கள் தேட எடுக்கும் காலம் மற்றவர்களைவிட அதிகம். அதனாலேயே கூரை ஒழுகினாலும் சம்ப் நாறினாலும் இருக்கிற வீட்டைச் சகித்துக்கொண்டு கிடக்கிறார்கள். வீடு மாறாமல் இருப்பதெல்லாம் நிம்மதி ஆகிவிடாது.

பணக் கணக்கில் வெளியே தெரியாத ஒரு முடிச்சு இருக்கிறது. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகை பிடித்தம், வண்டிக் கூலி, ஏசி கழற்றி மாட்டும் கூலி இதெல்லாம் எல்லோரும் எதிர்பார்ப்பவை. முடிச்சு அட்வான்ஸில் இருக்கிறது. மாதம் 15,000 வாடகைக்கு ஆறு மாத அட்வான்ஸ் என்றால் 90,000 ரூபாய். அந்தப் பணம் வீட்டுக்காரரிடம் ரொக்கமாக இருப்பதில்லை. அவர் அதை என்றோ செலவழித்திருப்பார். அடுத்து வருபவரின் அட்வான்ஸை வாங்கித்தான் நமக்குத் திருப்பித் தருவார். நாமோ பழையது கைக்கு வருவதற்கு முன்பே புது வீட்டுக்கு 90,000 கட்டியாக வேண்டும். இடையில் இருக்கிற அந்த ஒரு மாதமோ ஒன்றரை மாதமோதான் நகையை அடகுக் கடைக்கு அனுப்புகிறது. எங்கள் ஆறு மாற்றத்தில் நாலு முறை மனைவியின் வளையல்கள் இந்த இடைவெளியைக் கடக்க உதவியிருக்கின்றன.

2017-இல் இயற்றிய புதுச் சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போகத் திருப்பித் தர வேண்டும். ஆனால் முதல் விதியின் தலையிலேயே ஒரு வார்த்தை இருக்கிறது: ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் தவிர. அதாவது ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஆறு மாதம்தான். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த மாதிரி வாடகைச் சட்டம் வீடுகளுக்கு இரண்டு மாதம் என்று வரம்பு வைத்தது. அது மாதிரிதான்; மாநிலம் ஏற்றால்தான் உண்டு.

இந்த நெருக்கடியில் பஞ்சாங்கமும் வந்து உட்காரும். ஆடியில் குடி போகமாட்டார்கள், மார்கழியில் போகமாட்டார்கள். ஆனி கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டால், இருக்கிற சில நல்ல நாட்களுக்குள் வீடு பார்த்து, பேசி, பால் காய்ச்சியாக வேண்டும். அந்த வாரங்களில் ஊரே வீடு தேடும். வாடகையும் அதற்கேற்ற மாதிரி ஏறும். கிடைக்காதவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆனி முடிவதற்குள் புது வீட்டில் சாமி படம், விளக்கு, உப்பு, பருப்பு, மஞ்சள் கொண்டுபோய் வைத்து, பால் காய்ச்சிவிட்டுப் பூட்டி வருவார்கள். சாமான் செட்டு அப்புறம் போகும். அதற்கு விலை, இரண்டு வீட்டுக்கும் ஒரே மாதத்தில் வாடகை. மூட நம்பிக்கை என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் நிச்சயமில்லாத ஒரு வாழ்க்கையில், நாள் பார்த்துக் குடியேறினோம் என்ற ஒன்றாவது தங்கள் கையில் இருக்கட்டும் என்று நினைப்பவர்களை எனக்குப் புரிகிறது.

மாறுகிற நாள் வேகமாகப் போய்விடும். குட்டி யானை வண்டி வரும், நாலு பேர் வருவார்கள், சாயங்காலத்துக்குள் ஒரு வீடு அட்டைப்பெட்டிகளாகி இன்னொரு வீட்டுக் கூடத்தில் குவிந்துவிடும். கஷ்டம் அதற்கு அடுத்த வாரங்களில். என் அம்மாவுக்கு 74 வயது. இரவில் பாத்ரூம் போக எழுந்தால், கண்ணைத் திறக்காமலே பழைய வீட்டின் கணக்கில் நாலு அடி வைத்து, இடது கையைச் சுவரில் நீட்டி ஸ்விட்சைத் தேடுவாள். புது வீட்டில் ஸ்விட்ச் வலப்பக்கம். பாத்ரூமுக்கு ஒரு படி இறங்க வேண்டும். மூன்றாம் நாள் இரவு அந்தப் படியில் கால் மடங்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ராத்திரியில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். கேட்டால், “எந்திரிக்க வேணாம் பாரு” என்றாள். உடம்பு ஒரு வீட்டை மனப்பாடம் செய்ய மாதங்கள் ஆகின்றன. வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக. மனப்பாடம் ஆகும் சமயம் அடுத்த வீடு வந்துவிடுகிறது.

வீடு மாறுவது மரணத்துக்கும் விவாகரத்துக்கும் அடுத்த பெரிய மன அழுத்தம் என்று அடிக்கடி சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல ஆய்வாளர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் கொடுத்து 43 நிகழ்வுகள் கொண்ட ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணம் 100. விவாகரத்து 73. திருமணம்கூட 50. அதில் வீடு மாறுவதற்கு வெறும் 20தான். அப்படியானால் நாம் மிகைப்படுத்துகிறோமா? அதே பட்டியலைக் கொஞ்சம் மேலும் கீழும் படித்தேன். வாழும் சூழல் மாறுவது 25, பள்ளி மாறுவது 20, பழகும் வட்டம் மாறுவது 18, தூக்கப் பழக்கம் மாறுவது 16, சாப்பாட்டுப் பழக்கம் மாறுவது 15. வாடகைக் குடும்பம் ஒன்று இடம் மாறும்போது இவை எதுவும் தனித்தனியாக வருவதில்லை. கூட்டினால் 114. பண நெருக்கடியை இதில் சேர்க்கவில்லை. பட்டியலில் அதற்குத் தனியாக 38. இந்த எண்களைத் துக்கத்தின் தராசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வீடு மாற்றம் ஏன் ஒரு பெயரில் வந்து ஆறு வேலையாக விழுகிறது என்பதை அவை காட்டுகின்றன. சொந்த வீடு வாங்கிப் போகிறவருக்கும் இந்த 114 உண்டு. அவருக்கு அது ஒருமுறையோடு முடிகிறது.

விட்டுப்போவதில் எண்ணிக்கையில் வராதவையும் உண்டு. தெருமுனை அண்ணாச்சி கடையில் மாதக் கடைசியில் நோட்டில் எழுதிக்கொள்ளும் உரிமை ஒரே நாளில் கிடைத்ததில்லை. மகளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று ஃபைலைப் பார்க்காமலே சொல்லும் டாக்டர், மழை வந்தால் கொடித் துணியை எடுத்துவைக்கும் பக்கத்து வீட்டு அக்கா, சாவியை நம்பிக் கொடுத்துவிட்டுப் போக ஒரு வீடு. இவையெல்லாம் அமைய இரண்டு வருடமாவது ஆகும். இரண்டு வருடத்தில்தான் நாம் கிளம்புகிறோம்.

காகிதங்களும் அப்படியே. ஆதார், கேஸ், ரேஷன் கார்டு, வங்கி என்று ஒவ்வொன்றிலும் முகவரி மாற்ற வேண்டும். பல வீட்டுக்காரர்கள் தங்கள் முகவரிக்கு நாம் எதையும் மாற்றுவதை விரும்புவதில்லை. வருட வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால், வீட்டு வாடகைப் படிக்கு வரிச்சலுகை கேட்க வீட்டுக்காரரின் பான் எண் வேண்டும். கேட்ட அன்றே முகம் மாறும். வாக்காளர் பட்டியலில் படிவம் 8 கொடுத்து முகவரி மாற்றிக்கொள்ளலாம். கொடுக்காதவர்கள்தான் அதிகம். 2025 கடைசியில் தமிழ்நாட்டில் நடந்த தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் டிசம்பர் 19 அன்று வந்தபோது சுமார் 97 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, இடம் மாறியவர்கள் அல்லது அந்த முகவரியில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனவை. ஒரு 11 மாத ஒப்பந்தம் வாக்குச்சாவடி வரைக்கும் நீள்கிறது.

இதில் வீட்டுக்காரருக்கு என்ன லாபம் என்று உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். 15,000 ரூபாய் வாடகையில் வருடம் 5 சதவீதம் ஏற்றுவது வழக்கம். அது மாதம் 750, வருடம் 9,000 ரூபாய். கூடுதலாக ஏற்றித் தரும் ஆளுக்காகப் பழைய குடும்பத்தை அனுப்பினால், வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே 15,000 போயிற்று. பெயிண்ட், குழாய் வேலை, புரோக்கர் தனி. மாதம் 1,500 கூடக் கிடைத்தால்கூட முதல் ஒரு மாத இழப்பை ஈடுகட்டவே 10 மாதம் ஆகும். அதாவது ஒப்பந்தம் முடிகிற நேரம். ஒரே குடும்பம் மூன்று வருடம் இருப்பது இரண்டு பக்கமும் லாபம். யாரும் அதை எழுதிவைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஏழாவது வீட்டுக்குப் பேசும்போது இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கார அம்மா ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. நான் கேட்டவை நான்கு. ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு. வாடகை ஏற்றம் வருடம் 5 சதவீதம் என்று இப்போதே எழுதிவிடுவது. காலி செய்யச் சொன்னால் மூன்று மாத அவகாசம், மகளின் பள்ளி ஆண்டு நடுவில் வந்தால் அது முடியும் வரை. அட்வான்ஸ் மூன்று மாதம், சாவி கொடுக்கும் நாளிலேயே திருப்பித் தருவது. குடிபோகும் முன் வீட்டைச் சுற்றி வீடியோ எடுத்து இருவர் போனிலும் வைத்துக்கொள்வோம் என்றும் சொன்னேன். ஆணி ஓட்டைக்குச் சண்டை வராது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். அட்வான்ஸ் மூன்று மாதம் முடியாது, நான்கு என்றார். சாவி கொடுக்கும் நாளிலேயே முடியாது, 15 நாள் வேண்டும் என்றார். மூன்று வருடத்தில் பேனாவை வைத்துக் கொஞ்ச நேரம் யோசித்தார்.

“பதிவு பண்ணிக்கலாமா தம்பி? எனக்கும் அதுதான் நல்லதுன்னு சொல்றாங்க.”

பண்ணிக்கொண்டோம். சாமான் இறக்கிய அன்று மகள் பீரோவைத் திறந்து, உட்பக்கக் கோடுகளுக்கு நேராக நின்று அம்மாவைக் கூப்பிட்டாள். பிறந்தநாளுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது.